சிறிய வீட்டில் திரை ஒலி

திரைப்படத்தைக் கண்ணால் காணாமலே செவியால் கண்டு களித்த காலம் ஒன்று தமிழ் மக்களுக்கு இருந்தது. ஒலிச்சித்திரம் என்னும் பெயரில் ஒரு படத்தின் உரையாடலும் பாட்டும் வானொலியில் ஒலிக்கும்போது, ஒரே ஒரு பெட்டியைச் சுற்றி வீடு முழுவதும் கூடியிருக்கும். அயல் வீட்டாரும் வாசற்படியில் அமர்ந்து கேட்பர். அந்தப் பெட்டியில் இருந்தது ஓர் ஒலிபெருக்கி மட்டுமே. ஆயினும் கதாநாயகி விம்மியது எவருக்கும் கேளாமற் போகவில்லை. வசனத்தில் ஒரு சொல்லும் தவறவில்லை.

இலங்கையில் ஒலிபரப்பு 1925 ஆம் ஆண்டு டிசம்பர் 16 ஆம் நாள் தொடங்கியது. தந்தித் திணைக்களத்தின் பிரதம பொறியியலாளராக இருந்த எட்வேர்ட் ஹார்ப்பர் அதற்கு மூலகர்த்தா ஆவார். அதன் பின்னர் வீட்டுக்குள் ஒலியைக் கொண்டுவரும் கருவிகள் எத்தனையோ மாறின. வால்வு வானொலி போயிற்று, திரான்சிஸ்டர் வந்தது, ஒலிநாடா வந்து போயிற்று. இன்று பதுளை நகரத்து மின்பொருட் கடைகளிலும், பண்டாரவளை, பசறை, வெலிமடைக் கடைத்தெருக்களிலும் ‘ஹோம் தியேட்டர்’ என்னும் பெயரெழுதிய அட்டைப்பெட்டிகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. ஐந்து சிறு பெட்டிகளும் ஒரு பெரும் பெட்டியும் கொண்ட அக்கருவியைத் தீபாவளி முற்பணத்தைக் கொண்டும், தவணைக் கடனைக் கொண்டும், கொழும்பில் வேலை செய்யும் பிள்ளை அனுப்பும் பணத்தைக் கொண்டும் வாங்கிச் செல்லும் குடும்பங்கள் பல.

வாங்கிச் சென்ற வீடுகளில் சில வாரங்களுக்குள் ஒரு குறை எழுவது வழக்கமாகிவிட்டது. சண்டைக் காட்சியில் சுவர் அதிர்கிறது. அடுத்த காட்சியில் தாயும் மகனும் பேசுவது விளங்கவில்லை. பேச்சுக்காக ஒலியைக் கூட்டினால் வெடிச்சத்தம் காதைப் பிளக்கிறது. வெடிச்சத்தத்துக்காகக் குறைத்தால் பேச்சு மறைந்துவிடுகிறது. வீட்டிலுள்ள முதியவர் எழுந்து வெளியே போய் அமர்ந்துகொள்கிறார். ஒரு பெட்டியைக் கொண்டு எல்லாம் கேட்ட வீட்டில் ஆறு பெட்டிகள் வந்த பின்னர் பேச்சுக் கேளாமற் போவது ஏன்? அதனைத் தவிர்க்க, புதிதாக வாங்க எண்ணுவோர் எதிலிருந்து தொடங்குதல் வேண்டும்?

2021 ஆம் ஆண்டில் தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி 1000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. பின்னர் கூலி உயர்ந்தபோதிலும் விலைவாசியும் உடன் உயர்ந்தது. பல மாத உழைப்பின் மிச்சத்தைக் கொண்டு வாங்கும் பொருள் பயன்படாமற் போவது சிறிய இழப்பன்று. ஆகவே, வாங்கும் முன்னர் சில அடிப்படைகளை அறிந்திருத்தல் நலம். அவற்றுள் தலையாயது ஒன்றே: வீட்டு ஒலியமைப்பின் முதற் கடமை மனிதக் குரலைத் தெளிவாகத் தருவது. மற்றவை அனைத்தும் அதற்குப் பின்னரே வரும்.

இந்த நோக்கோடு பார்க்கும்போது, முதலிற் கவனிக்க வேண்டியது அறை. ஒலிபெருக்கியிலிருந்து புறப்படும் ஒலி நேரே செவியை வந்தடைவதோடு நின்றுவிடுவதில்லை. அது சுவரிலும் தரையிலும் கூரையிலும் மோதித் திரும்பிப் பல வழிகளில் மீண்டும் செவிக்கு வருகிறது. இவ்வாறு திரும்பும் ஒலி மிகுதியானால், முன்னர் பேசிய சொல்லின் வால் பின்னர் பேசும் சொல்லின் தலையை மறைத்துவிடுகிறது. மேளம் கொட்டும் மண்டபத்திற் பேசுவோரின் சொல் விளங்காததுபோல, வீட்டிலும் வசனம் குழம்புகிறது.

இதனை முதன்முதலில் அளந்து கண்டவர் அமெரிக்காவின் ஹாவர்ட் பல்கலைக்கழகத்துப் பௌதிக ஆசிரியர் வாலஸ் சபைன் ஆவார். 1895 ஆம் ஆண்டில் அப்பல்கலைக்கழகத்தின் புதிய விரிவுரை மண்டபம் ஒன்றில் ஆசிரியர் பேசுவது மாணவருக்கு விளங்கவில்லை. அங்கே ஓர் ஒலி எழுந்தால் அது அடங்க ஐந்து விநாடிக்கு மேல் ஆயிற்று. சபைன் வேறொரு மண்டபத்தின் ஆசன மெத்தைகளை இரவுதோறும் சுமந்துவந்து இங்கே பரப்பினார். மெத்தைகள் கூடக் கூட ஒலி விரைந்து அடங்குவதைக் கண்டு அதனைக் கணக்கிட்டார். மெத்தையும் துணியும் ஒலியை விழுங்குகின்றன, சாந்து பூசிய சுவர் அதனைத் திருப்பி எறிகிறது என்னும் உண்மை அவ்வாறு கணிதமாயிற்று. பின்னர் 1900 ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட போஸ்டன் இசை மண்டபம் அவருடைய கணக்கைத் தழுவியே அமைக்கப்பட்டது.

சபைன் கண்ட உண்மை ஊவாவின் தோட்ட வீடுகளுக்கு அப்படியே பொருந்தும். பழைய லயங்களின் காம்பரா பெரும்பாலும் 10 அடி அகலமும் 12 அடி நீளமும் உடையது. சீமெந்துத் தரை, சாந்துச் சுவர், தகரக் கூரை ஆகிய மூன்றும் ஒலியைத் திருப்பி எறிவன. அண்மைக் காலத்தில் 7 பேர்ச்சஸ் நிலத்தில் 550 சதுர அடி அளவில் கட்டப்பட்ட தனி வீடுகளிலும் சுவரும் தரையும் அத்தன்மையனவே. அறையின் நடுவில் நின்று ஒரு முறை கைதட்டிப் பார்த்தால் அறையின் குணம் தெரிந்துவிடும். தட்டிய ஓசை உடனே அடங்கினால் நன்று. ‘டிங்’ என்று இழுத்து நின்றால், ஒலியமைப்பு வாங்கும் முன்னர் அறையைச் சீர்செய்தல் வேண்டும்.

சீர்செய்யப் பெரும் பணம் வேண்டியதில்லை. தரையில் தடித்த பாய் அல்லது பழைய கம்பளம் ஒன்று. சன்னலுக்குக் கனத்த திரை. கேட்போர் அமரும் இடத்துக்குப் பின்னால் உள்ள சுவரில் மடிப்பு மடிப்பாகத் தொங்கவிட்ட போர்வை அல்லது பருத்திச் சேலை. துணிகள் நிறைந்த திறந்த அலுமாரி. மெத்தையிட்ட கட்டில் ஆகியவை போதும். தகரத்தின் கீழே உட்கூரை அமைக்க வசதியுள்ளோர் அதனை அமைத்தால் எதிரொலியோடு மழையின் இரைச்சலும் ஓரளவு குறையும். இவற்றைச் செய்த பின்னர் முன்பிருந்த தொலைக்காட்சியின் பேச்சே தெளிவாகக் கேட்பதுண்டு. அவ்வாறு கேட்டால், புதிய கருவிக்கு அவசரம் இல்லை என்றும் சிலர் முடிவு செய்யலாம்.

துணியால் அடக்க முடியாத ஒலியும் உண்டு. அது தாழ்ந்த ஒலி. காமன் கூத்தில் முழங்கும் தப்பு, மேடையில் ஒலிக்கும் தவில், படத்தில் வரும் இடி ஆகியவற்றின் அடித்தொனி இத்தகையது. விநாடிக்கு 50 அதிர்வுடைய ஒலியின் ஓர் அலை ஏறத்தாழ 22 அடி நீளம் உடையது. இரண்டு எதிர்ச் சுவர்களுக்கு இடைப்பட்ட தூரம் அலை நீளத்திற் பாதியாக அமையும்போது, அந்த ஒலி அறைக்குள் சிக்கிக்கொண்டு மற்ற ஒலிகளைவிடப் பன்மடங்கு பெருகும். 10 அடி அகலத்துக்கு அது விநாடிக்கு ஏறத்தாழ 56 அதிர்வு. 12 அடி நீளத்துக்கு ஏறத்தாழ 47 அதிர்வு. திரைப்படத்தின் இடியும் வெடியும் பெரும்பாலும் இந்த எல்லைக்குள்ளேயே வருகின்றன. சிறு காம்பராவில் சப்வூபர் ‘டம் டம்’ என்று ஒரே தொனியில் அதிர்வதற்குக் காரணம் இதுவே. குற்றம் முழுவதும் கருவியினுடையதன்று. அறையின் அளவுக்கும் அதில் பங்குண்டு.

இனி, ஆறு பெட்டிகளின் பணி யாது என்று பார்ப்போம். ஒலிக்குத் திசை தரும் எண்ணம் பழையது. 1931 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பொறியியலாளர் அலன் புளும்லைன், திரையரங்கு ஒன்றில் படம் பார்த்தபோது, நடிகர் திரையின் ஓரத்துக்கு நகர்ந்தும் அவர் குரல் ஒரே இடத்திலிருந்து வந்ததைக் கண்டு அதற்கு வழி தேடினார் என்று சொல்லப்படுகிறது. அவ்வாண்டு டிசம்பரில் இரு ஒலிபெருக்கிகளைக் கொண்டு திசையுணர்வு தரும் முறைக்கு அவர் காப்புரிமை வேண்டினார். ஸ்டீரியோ என்று இன்று வழங்கும் முறைக்கு அதுவே பெரும் அடிப்படையாயிற்று.

திரையரங்குகளில் அது மேலும் வளர்ந்து, 1992 ஆம் ஆண்டில் டோல்பி நிறுவனத்தின் எண்முறை ஒலி அறிமுகமாயிற்று. அதன் ஒழுங்கே 5.1 எனப்படுகிறது. முன்னே இடமும் வலமும் இரண்டு, திரையின் நடுவே ஒன்று, கேட்போரின் இரு புறமும் சற்றுப் பின்னே இரண்டு, இவை ஐந்து. புள்ளிக்குப் பின் வரும் ஒன்று, தாழ்ந்த ஒலிக்கு மட்டும் உரிய சப்வூபர். இவற்றுள் வசனத்தின் பெரும்பகுதி நடு ஒலிபெருக்கியிலிருந்தே வருகிறது. பக்கவாட்டுப் பெட்டிகள் மழை, காற்று, கூட்டத்தின் ஆரவாரம் போன்ற சூழலைத் தருகின்றன.

வீட்டில் எழும் குறைக்கு விடை இங்கே கிடைக்கிறது. மலிவான தொகுதிகளில் நடு ஒலிபெருக்கி கைப்பிடிக்குள் அடங்கும் சிறு பெட்டியாக இருக்கிறது. மனிதக் குரலின் அடிப்பகுதியை அது தாங்க மாட்டாது. சப்வூபரோ அளவில் பெரியது. ஆகவே வெடிச்சத்தம் ஓங்குகிறது, பேச்சு மெலிகிறது. அதன் மேலும், இடமின்மையால் நடுப்பெட்டியைத் தொலைக்காட்சியின் பின்னாலோ அலுமாரியின் உள்ளேயோ வைத்துவிடுகின்றனர். பேச்சுக்குரிய பெட்டியே மறைக்கப்பட்டுவிடுகிறது.

ஆதலால் புதிதாகத் தொடங்குவோர் ஆறு மலிவான பெட்டிகளுக்குச் செலவிடும் பணத்தை இரண்டு நல்ல பெட்டிகளுக்குச் செலவிடுவது அறிவுடைமை. இரண்டு ஒலிபெருக்கிகளும் ஓர் அம்பிளிபயரும் தொடக்கத்துக்குப் போதும். இரண்டும் ஒத்த ஒலியைத் தரும்போது, வசனம் அவற்றின் நடுவே, திரையிலிருந்தே வருவதுபோல் செவிக்குத் தோன்றும். பின்னாளில் விரிவாக்கும் எண்ணம் உடையோர் ஐந்து ஒலிபெருக்கிகளைத் தாங்கும் ரிசீவர் ஒன்றை வாங்கி, இப்போதைக்கு இரண்டை மட்டும் இணைக்கலாம். நடுப்பெட்டி இல்லை என்று அதன் அமைப்பிற் குறித்துவிட்டால், நடுவுக்குரிய வசனத்தை அது இடத்துக்கும் வலத்துக்கும் பகிர்ந்து தரும். குறிக்காமல் விட்டால் வசனம் போக வழியின்றி மறைந்துவிடும். இரண்டுக்குப் பின்னர் நடுப்பெட்டி, அதன் பின்னர் சப்வூபர், இறுதியாகப் பக்கவாட்டுப் பெட்டிகள் என்னும் வரிசையிற் சேர்ப்பது நலம்.

சவுண்ட்பார் எனப்படும் நீண்ட ஒற்றைப் பெட்டியும் சிறிய வீட்டுக்கு ஏற்றதே. கம்பிகள் குறைவு, இடமும் குறைவு. ஆனால் கூரையில் ஒலியை மோதவிட்டு மேலிருந்து கேட்கச் செய்யும் வகைக்கு அதிக விலை கொடுப்பது வீண். அந்த உபாயம் சமதளமான உட்கூரைக்கு உரியது. சரிந்த தகரக் கூரையின் கீழ் அது எண்ணியபடி பலிக்காது.

கடையில் வாங்குவோரை மயக்கும் சொல் ஒன்று உண்டு. அது வாட். பி.எம்.பி.ஓ. என்னும் எழுத்துகளோடு ஆயிரக்கணக்கான வாட் அட்டைப்பெட்டியில் அச்சிடப்பட்டிருக்கும். இடைவிடாது தாங்கக்கூடிய வலுவை அது காட்டுவதில்லை. ஆர்.எம்.எஸ். என்று குறித்த அளவையே பார்த்தல் வேண்டும். அதிலும் பெருந்தொகை தேவையில்லை. வலுவை இருமடங்காக்கினால் ஒலி 3 டெசிபெல் மட்டுமே கூடும். செவிக்கு அது சிறு வேறுபாடே. ஒலி இருமடங்காகத் தோன்ற வலுவைப் பத்து மடங்காக்க வேண்டும். பொதுவாகக் கிடைக்கும் ஒலிபெருக்கி ஒன்று 1 வாட் கொண்டே 1 மீற்றர் தூரத்தில் 85 முதல் 90 டெசிபெல் வரை ஒலிக்கும். 12 அடி அறைக்கு அதுவே பெரிய ஒலி. எனவே 30 அல்லது 50 வாட் தரும் நேர்மையான அம்பிளிபயர் தாராளமாகப் போதும்.

கடையிற் கேட்டுப் பார்ப்பதற்கும் ஒரு முறை உண்டு. விற்பவர் போட்டுக் காட்டும் வெடிச்சத்தக் காட்சியைக் கொண்டு முடிவு செய்தலாகாது. நன்கு பழகிய படமொன்றையும், செய்தி வாசிக்கும் குரலொன்றையும், வீணை அல்லது நாதஸ்வர இசை ஒன்றையும் கையோடு கொண்டுசெல்லல் வேண்டும். ஒலியை மிகக் குறைத்து வைத்து, சொற்கள் தெளிவாக உள்ளனவா என்று கேட்டல் வேண்டும். குறைந்த ஒலியிற் பேச்சு விளங்காத பெட்டி, கூட்டினாலும் விளங்காது. முடியுமானால் வீட்டிலுள்ள முதியவர் ஒருவரையும் அழைத்துச் செல்வது நன்று. அவருக்கு விளங்குவது அனைவருக்கும் விளங்கும்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பின்னர் வைக்கும் இடத்திலேயே பாதி வெற்றி உள்ளது. இரண்டு பெட்டிகளும் கேட்போரும் ஒரு சமபக்க முக்கோணத்தின் மூன்று முனைகளாக அமைதல் வேண்டும். 10 அடிக்கு 12 அடி அறையில் பெட்டிகளுக்கு இடையே 6 அடியும், ஒவ்வொன்றிலிருந்தும் கேட்போர் வரை 6 அடியும் இருக்கலாம். பின் சுவரிலிருந்து ஓரடியேனும் விலகியிருத்தல் நன்று. மூலையிற் செருகினால் தாழ்ந்த ஒலி மிகுந்து குரல் கம்மிவிடும்.

உயரமும் முக்கியம். உயர்ந்த ஒலியைத் தரும் சிறு ட்வீட்டர், கேட்போரின் செவிக்கு நேராக இருத்தல் வேண்டும். கதிரையில் அமர்வோருக்கு அது தரையிலிருந்து ஏறத்தாழ மூன்றரை அடி. பாய் விரித்து அமர்ந்து பார்க்கும் வீடுகளில் அது ஏறத்தாழ இரண்டரை அடியாகக் குறையும். மேனாட்டு நூல்கள் கதிரையை எண்ணியே அளவு சொல்கின்றன. பாயில் அமரும் குடும்பம் பெட்டியைத் தாழ்த்தி வைத்தல் வேண்டும். அல்லது பெட்டியின் முகத்தைச் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்த்தல் வேண்டும்.

கம்பிகளை இணைக்கும்போது சிவப்பைச் சிவப்போடும் கறுப்பைக் கறுப்போடும் இரு பெட்டிகளிலும் தவறாது இணைத்தல் வேண்டும். ஒன்றில் மாறிவிட்டால், ஒரு பெட்டி காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கும். அப்போது தாழ்ந்த ஒலி மெலியும். குரல் நடுவில் நில்லாமல் அறையெங்கும் சிதறும். இரு பெட்டிகளுக்கும் நடுவே அமர்ந்து செய்திக் குரலைக் கேட்டால், அது நேர் எதிரே நிற்கிறதா என்பது கொண்டு இப்பிழையை அறியலாம்.

கருவியின் அமைப்புகளிலும் இரண்டைக் கவனித்தல் வேண்டும். ஒன்று, இரவுமுறை எனப்படும் அமைப்பு. அது வெடிச்சத்தத்தைத் தணித்து மெல்லிய பேச்சைச் சற்று உயர்த்தும். நடுப்பெட்டி உள்ளோர் அதன் ஒலியை மட்டும் 2 அல்லது 3 டெசிபெல் கூட்டியும் பார்க்கலாம். மற்றொன்று, பழைய படங்களுக்கு உரியது. 1952 ஆம் ஆண்டில் வெளிவந்த ‘பராசக்தி’ போன்ற படங்கள் ஒற்றை ஒலித்தடத்திலேயே அமைந்தவை. தமிழ்ப் படங்கள் பல திசை ஒலிக்கு மாறியது பெரும்பாலும் 1990களிலேயே. பழைய படத்தை ‘ஹால்’, ‘ஸ்டேடியம்’ என்னும் செயற்கை முறைகளில் ஓடவிட்டால், இல்லாத எதிரொலி வசனத்தோடு சேர்ந்து அதனைக் கெடுத்துவிடும். அத்தகைய படங்களுக்கு அம்முறைகளை நீக்கி, வந்த ஒலியை வந்தபடியே கேட்பதுதான் சிறப்பு.

சப்வூபர் வாங்கியவர் அதற்குரிய இடத்தைத் தேட எளிய வழி ஒன்று உண்டு. அதனைக் கேட்போர் அமரும் இடத்தில் வைத்து, தாழ்ந்த ஒலி மிகுந்த பாட்டொன்றை ஓடவிட்டு, அறையின் சுவரோரமாகக் குனிந்து நகர்ந்து கேட்டல் வேண்டும். எங்கே ஒலி அளவாகவும் தெளிவாகவும் கேட்கிறதோ, அங்கே சப்வூபரை வைத்து, கேட்போர் தம் இடத்துக்குத் திரும்பலாம். வீட்டார் சிரித்தாலும் பயன் உண்டு.

லய வீடுகளில் இதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. இரு குடும்பங்களுக்கு ஒரு சுவர். மெல்லிய சுவர் பேச்சை ஓரளவு தடுக்கும். தாழ்ந்த ஒலியைத் தடுக்க மாட்டாது. இங்கே படம் பார்ப்போருக்கு மெல்லென ஒலிக்கும் இடி, அடுத்த காம்பராவிற் படுத்திருப்போரின் தலையணைக்கு வந்து சேரும். அங்கே விடியுமுன் எழுந்து சமைத்து வைத்துவிட்டு, மழையாயினும் வெயிலாயினும் கொழுந்து மலைக்குச் செல்ல வேண்டிய ஒரு தாய் உறங்குகிறாள். க.பொ.த. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை ஒன்று விளக்கின் முன் அமர்ந்திருக்கிறது. ஆகவே சப்வூபரைப் பொதுச் சுவரோடு சேர்த்து வைத்தலாகாது. அதன் கீழே தடித்த இறப்பர் துண்டுகளை இட்டு, தரைக்கு அதிர்வு போவதைக் குறைத்தல் வேண்டும். இரவு நேரத்தில் அதனை அணைத்துவிடுவதே முறை. பொது இடங்களில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி பயன்படுத்துவதை 2007 ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் கட்டுப்படுத்தியது. வீட்டுக்குள்ளும் அந்த நேரத்தை ஓர் எல்லையாகக் கொள்வது அயலாரோடு அமைதியாக வாழ வழியாகும். அதன் பின்னரும் படம் பார்க்க விரும்புவோருக்குச் செவியொலிப்பான் உண்டு.

கேட்போரின் செவிக்கும் எல்லை உண்டு. வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபெல் வரை கேட்பது ஏற்கத்தக்கது என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. 90 டெசிபெல் ஆகுமானால் அது வாரத்துக்கு 4 மணி நேரமாகச் சுருங்கிவிடும். இரண்டு படங்களுக்குள் அந்த நேரம் தீர்ந்துவிடும். படம் முடிந்த பின் காதில் இரைச்சல் நின்றால், ஒலி மிகுந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம்.

ஒலியை அளவோடு வைப்பதற்கு ஊவா மலைகளில் மற்றொரு காரணமும் இருக்கிறது. 2014 ஆம் ஆண்டு அக்டோபர் 29 ஆம் நாள் காலையில், கொஸ்லந்தைக்கு அருகிலுள்ள மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. பலர் உயிரிழந்தனர். மண்சரிவுக்கு முன்னர் சில வேளைகளில் மரங்கள் முறியும் ஓசை, பாறைகள் மோதும் ஓசை, நிலத்தின் உறுமல் ஆகியவை கேட்பதுண்டு. மழை தொடர்ந்து பொழியும் நாளில் தகரத்தின் இரைச்சலை வெல்ல எண்ணி ஒலியமைப்பை முழு வலுவில் வைப்பவர் இவற்றைக் கேளார். அயலார் கூவி எச்சரிப்பதையும் கேளார். சரிவு அபாயம் உள்ள தோட்டங்களில், கனமழை பெய்யும்போது படத்தை நிறுத்திவிட்டு, செய்திக்கும் வெளியோசைக்கும் செவி கொடுப்பது கட்டாயமான பழக்கமாதல் வேண்டும். மின்சாரம் நின்றாலும் பேசக்கூடிய சிறு பற்றரி வானொலி ஒன்று, எத்தனை பெரிய ஒலியமைப்பு உள்ள வீட்டிலும் இருத்தல் நலம்.

மின்சாரத்தைப் பற்றியும் சில சொல்லுதல் வேண்டும். மார்ச், ஏப்ரல் மாதங்களிலும், அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மாலை வேளைகளில் இடிமழை மிகுதி. இடி தொலைவிற் கேட்கும்போதே கருவியின் செருகியையும், தொலைக்காட்சிக்கு வரும் அன்ரெனா அல்லது டிஷ் கம்பியையும் கழற்றிவிடுதல் வேண்டும். சுவிச்சை அணைப்பது மட்டும் காவலாகாது. மின்னழுத்தக் காப்புப் பலகையும் நேரான மின்னலைத் தடுக்க மாட்டாது. மூன்று முனைச் செருகியின் நில முனையை வெட்டிவிடுவது உயிருக்கு ஆபத்து. ஒரே செருகுமிடத்திலிருந்து தொலைக்காட்சி, அம்பிளிபயர், கேத்தல், மின்னழுத்தி என்று கிளை பிரிப்பதும் தீக்கு இடமளிக்கும். ட்ரிப் சுவிச்சின் சோதனைப் பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்தி, அது விழுகிறதா என்று பார்த்துக்கொள்ளல் வேண்டும்.

மின்கட்டணத்தை எண்ணி அஞ்ச வேண்டியதில்லை. 50 வாட் மின்சாரம் கொள்ளும் அமைப்பை நாளுக்கு 3 மணி நேரம் ஓடவிட்டால், 30 நாளுக்கு நான்கரை அலகுதான் ஆகும். ஆனால் அம்பிளிபயர் சூடாகும் கருவி. அதன் மேல் துணி போர்த்துவதும், சுவரோடு நெருக்கி வைப்பதும் கூடா. அப்புத்தளை போன்ற உயர்ந்த இடங்களில் பனிப்புகையின் ஈரம் கருவிக்குள் பூஞ்சணத்தை உண்டாக்கும். சில நாட்களுக்கு ஒரு முறையேனும் ஓடவிட்டுச் சூடேற்றுவது அதற்கு எளிய காப்பு. எலி கடிக்காதபடி கம்பிகளைக் குழாய்க்குள் செலுத்துவது மற்றொன்று.

இவ்வளவும் செய்து முடித்த வீட்டில், முதல் நாள் மாலையே பெரிய சண்டைப் படத்தை ஓடவிடும் ஆவல் எழுவது இயல்பு. அதனைச் சற்றுத் தள்ளிவைத்து, முதலில் செய்தி வாசிப்பை ஓடவிடலாம். பாட்டி வழக்கமாக அமரும் மூலையிலேயே அமரட்டும். ஒலியைக் குறைத்துக்கொண்டே வந்து, எந்த அளவில் அவருக்குச் சொல் விளங்காமற் போகிறது என்று கேட்டு, அதற்குச் சற்று மேலே நிறுத்தி, அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளல் வேண்டும். பின்னர் ஒருவர் அடுத்த காம்பராவுக்குச் சென்று, அங்கிருந்து எவ்வளவு கேட்கிறது என்று அறிந்து வரட்டும். பாட்டிக்கு விளங்கி, அடுத்த வீட்டாருக்குத் தொல்லையின்றி நிற்கும் அளவே அந்த வீட்டுக்கு உரிய ஒலி. அதற்குள் அடங்கும் கருவி எதுவாயினும், எத்தனை பெட்டிகள் உடையதாயினும், அது வாங்கிய விலைக்குப் பயன் தரும்.